சீவாளியும் 44 பைட்டும்

ஒன்பதாவது நிமிடத்தில் திரை நின்றுவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் தோடி ராகம் வாசித்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் வட்டாரக் கோயில்களில் பல வருடங்களாக வாசிக்கிற நாதஸ்வர வித்வான். கும்பாபிஷேகம் நடக்கப்போகிற ஒரு கோயிலுக்கு, விடியற்காலையில் குழாய் ஸ்பீக்கரில் போட மங்கல இசை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்கான பதிவு அது. 2013, சித்திரை வெயில். திரையில் ஆறு டிராக்குகளும் இடமிருந்து வலமாக வளர்ந்துகொண்டே வந்தன. திடீரென்று வளர்வது நின்றுவிட்டது. மவுஸை ஆட்டினால் அம்புக்குறி இருந்த இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் சுற்றியது. மேலே ஒலிப்பதிவு மென்பொருளின் பெயருக்குப் பக்கத்தில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று எழுதி வந்தது.

அந்த மென்பொருளின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இன்றைக்கும் அதில்தான் வேலை செய்கிறேன். வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவருவானேன்.

நிறுத்தச் சொல்வதா, வேண்டாமா? ஹெட்போனில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. மைக்கிலிருந்து வருகிற ஒலியைக் கம்ப்யூட்டருக்குப் போகாமலே ஹெட்போனுக்குத் திருப்பிவிடுகிற வசதி, மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற ஆடியோ இன்டர்பேஸ் பெட்டியில் உண்டு. கம்ப்யூட்டர் செத்தே போயிருந்தாலும் அது கேட்கும். அண்ணனோ அப்போதுதான் காந்தார ஸ்வரத்தில் கால் வைத்திருந்தார். தோடி காந்தாரத்தை ஒருவர் அப்படிப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கும்போது, மைக்கை அழுத்தி “ஒரு நிமிஷம்ண்ணே, சிஸ்டம் ஹேங் ஆயிருச்சு” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் கண்ணைத் திறந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் உடனே கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். இசையில் கரைந்துவிட்ட மாதிரி. சினிமாவில் நடித்திருந்தால் பேர் வாங்கியிருப்பேன். உள்ளுக்குள் வயிறு கலங்கியது. அப்படியே கண்ணை மூடியபடி ரொம்ப நேரம் இருந்தேன், திரையைப் பார்க்கப் பயந்து.

முடித்துவிட்டு வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“எப்புடித் தம்பி வந்திருக்கு?”

“பிரமாதமா வந்திருக்குண்ணே. போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க.”

“ஒருக்கா கேட்டுட்டுப் போயிருவமே?”

“கொஞ்சம் சரி பண்ணிட்டுப் போடுறேன்ண்ணே. இப்பக் கேட்டா பச்சையா இருக்கும்.”

அவரும் தவில்காரரும் கடைக்குக் கிளம்பிய பிறகுதான் கோப்புகள் இருக்கிற ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு வேவ் கோப்பு. மென்பொருளை வலுக்கட்டாயமாக மூடிவிட்டு, ஒன்றை இயக்கினேன். நீளம் பூஜ்யம் வினாடி. ஆறும் அப்படித்தான். ஆனால் கோப்பின் அளவைப் பார்த்தால் ஒவ்வொன்றும் 268 எம்பி இருக்கிறது. ஒலியே இல்லாத கோப்புக்கு எதற்கு 268 எம்பி? ஒலியைக் கம்ப்யூட்டர் எண்ணாக அளந்து வைக்கிற ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி, அதாவது சாம்பிள். ஒரு வினாடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று பைட். நிமிடத்துக்கு 8.64 எம்பி. வகுத்துப் பார்த்தேன். 31 நிமிடம். அண்ணன் வாசித்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை.

விஷயம் இதுதான். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். வரவர ஒவ்வொரு பெயராக, தொகையாக எழுதிக்கொண்டே போவார். மொத்தம் எவ்வளவு என்று முதல் பக்கத்தில் எழுதுவது கடைசியில், பந்தி முடிந்த பிறகு. நடுவில் அவருக்கு மயக்கம் வந்து விழுந்துவிட்டால் முதல் பக்கத்தில் மொத்தம் காலியாக இருக்கும். அதற்காக மொய்யே வரவில்லை என்று அர்த்தமா? உள்ளே ஒவ்வொரு வரியும் இருக்கிறது. வேவ் கோப்பும் அப்படித்தான். தலைப்பகுதியில் மொத்த நீளத்தைப் போட ஓரிடம் உண்டு. மென்பொருள் பதிவை ஒழுங்காக முடிக்கும்போது அங்கே எண்ணை நிரப்பும். நடுவில் செத்தால் நிரப்பாது. இயக்குகிற மென்பொருள் தலையை மட்டும் பார்த்துவிட்டு ‘பூஜ்யம்’ என்று சொல்லிவிடும். என் மென்பொருளில் முகம் மட்டும்தான் உறைந்திருந்தது. பின்னால் வட்டில் எழுதுகிற கை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

சென்னையில் முன்பு என்னோடு வேலை பார்த்த நண்பனுக்குப் போன் போட்டேன். “ஆடாசிட்டியைத் திற, ரா டேட்டாவா இம்போர்ட் பண்ணு” என்றான். ஆடாசிட்டி இலவச மென்பொருள். தலைப்பகுதியை நம்பாமல் கோப்பை வெறும் எண்களாகப் படிக்கச் சொல்ல அதில் வழி இருக்கிறது. 24 பிட், ஒற்றை சேனல், 48,000 என்று கொடுத்தேன். காது கிழிகிற இரைச்சல். அடைமழையில் தகரக் கூரைக்கு அடியில் நிற்கிற மாதிரி. “தலையைத் தாண்டணும்டா, 44 பைட் விட்டுட்டு ஆரம்பி” என்றான். மூன்று பைட் சேர்ந்தால்தான் ஒரு மாதிரி. ஒரே ஒரு பைட் தள்ளிப் பிரித்தாலும் எல்லாமே குழம்பிவிடும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை சொற்களைத் தப்பான இடத்தில் வெட்டிப் படிக்கிற மாதிரி. 44 என்று போட்டேன்.

தோடி.

அவர்கள் டீ குடித்துவிட்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது ஆறு டிராக்கும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இரண்டு மூன்று இடங்களில் ‘டிக்’ என்று சொடக்குச் சத்தம் மட்டும் விழுந்திருந்தது. கணினி திணறிய தடம். அவற்றை அன்று இரவே தேடித் தேடி அழித்தேன். கோயில்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதிலும் நடுவில் அண்ணன் கீழ் ஸ்தாயியிலேயே நிதானமாக நின்று வாசிக்கிற இடமும், அதற்குப் பிறகு தவில் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுகிற இடமும். நானும் மிக்ஸில் அந்தத் தவிலைச் சற்றுத் தூக்கி வைத்தேன். அண்ணனிடம் நடந்ததைச் சொல்லவில்லை.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் இரண்டு அறை. வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை சாமி கும்பிட வருவார்கள். சென்னையில் எட்டு வருடம் உதவியாளனாகக் கேபிள் சுருட்டிவிட்டு 2011இல் ஊருக்குத் திரும்பி இதை ஆரம்பித்தேன். என்ன வேலை வரும்? திருவிழாவுக்கு அம்மன் பாட்டு, துணிக்கடை விளம்பரம், மஞ்சுவிரட்டு அறிவிப்பு, தேர்தல் வந்தால் ஆட்டோவில் கட்டிவிடுகிற பாட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழா. இடையிடையே அண்ணனைப் போல ஒருவர் வந்து, இதற்காகத்தானே ஊருக்கு வந்தோம் என்று நினைக்க வைப்பார்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவர் ஒலிப்பதிவுக்குச் சத்துரு. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்து இழைத்துப் பூசியது. கண்ணாடி போல வழவழவென்று இருக்கும். கீழே ஆத்தங்குடிக் கல். கையைத் தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் பந்து மாதிரி துள்ளும். பழைய ஜமக்காளங்களையும் இலவம்பஞ்சு மெத்தைகளையும் சுவரெங்கும் தொங்கவிட்டுத்தான் அறையைச் சாந்தப்படுத்தினேன். ஆனால் சுவர் கனம். தெருவில் வண்டி போனால் கேட்காது. ரயில் மட்டும் ஹாரன் அடித்தால் கேட்கும். அதற்கு அட்டவணை இருக்கிறது, சமாளித்துவிடலாம். மென்பொருள் நிற்பதற்குத்தான் அட்டவணை இல்லை.

ஏன் நிற்கிறது என்று ஆரம்ப காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டேன். பாதிக்குக் காரணம் பஃபர், அதாவது ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அனுப்புகிற தற்காலிக இடம். ஊருணியிலிருந்து தண்ணீர் சுமப்பதைப் போலத்தான் கம்ப்யூட்டர் ஒலியைச் சுமக்கிறது, குடம் குடமாக. சின்னக் குடம் என்றால் சீக்கிரம் போய்ச் சேரும், ஆனால் ஓயாமல் நடக்க வேண்டும். ஒரு நடை தவறினால் ‘டிக்’. பெரிய குடம் என்றால் அவசரம் இல்லை, ஆனால் தண்ணீர் வந்து சேரத் தாமதமாகும். 128 மாதிரிகள் கொண்ட பஃபருக்கு 2.7 மில்லிசெகண்ட். 1024 என்றால் 21. போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று கூட்டினால் நாற்பதைத் தாண்டும். கம்ப்யூட்டர் வழியாகக் கேட்டுப் பாடுகிறவருக்குத் தன் குரலே ஹெட்போனில் பின்னால் வந்து இடிக்கும், தாளம் தள்ளாடும். அதனால் பதிவின்போது சின்னக் குடம்தான். அந்த நேரம் பார்த்து வைஃபை டிரைவர் எதையாவது தேடக் கிளம்பும், ஆன்டிவைரஸ் கோப்புகளை மோப்பம் பிடிக்கும். நடை தவறும்.

அப்புறம் வெயில். மைக் திறந்திருக்கும்போது ஏசியை அணைத்துவிடுவேன், சத்தம் விழும் என்று. சித்திரையில் மூடிய அறை எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது குறைகிறது, ஒலியின் வேகம் குறையாது. கணினியை ஒரு மீட்டர் தள்ளி வெளி நடையில் வைத்துவிட்டு, சுவரில் துளை போட்டுக் கேபிளை உள்ளே கொண்டுவந்த பிறகு பாதித் தொல்லை போயிற்று. பர்மாத் தேக்கு நிலைக்குப் பக்கத்தில் துளை போட வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கியது தனிக் கதை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் மூன்று வருடம் நான் வைத்திருந்தது காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் இல்லை. உடைத்த வெர்ஷன். யாரோ எந்த ஊரிலோ பூட்டை உடைத்ததில் எத்தனை கீல் கழன்றது என்று யாருக்குத் தெரியும்? தோடி நின்றதும் அந்தக் காலத்தில்தான். அப்போது மென்பொருள் நிறுவனத்தைத் திட்டியதில் பாதி என்னைத் திட்டியிருக்க வேண்டியது. 2014 கடைசியில், ஒரு தேர்தல் சீசன் காசில், ஒழுங்காக வாங்கினேன். உடனே வேறு வகைத் தொல்லை ஆரம்பமானது: நான் வாங்கியவன்தானா என்று அது என்னிடம் அடிக்கடி கேட்க ஆரம்பித்தது.

ஒரு நாள் சாலையில் பள்ளம் தோண்டியவர்கள் இணையக் கேபிளை வெட்டிவிட்டார்கள். செல்போன் சிக்னலும் எங்கள் இரண்டாம் கட்டுச் சுவருக்குள் நுழையாது. முருகன் பாட்டு ஒன்றை அன்று மாலை கொடுத்தாக வேண்டும், மறுநாள் குன்றக்குடிக்குக் காவடி கிளம்புகிறது. மிக்ஸைத் திறந்தால் ரீவெர்ப், அதாவது குரலுக்கு எதிரொலி, போடுகிற பிளக்-இன் என்கிற துணை மென்பொருள் ‘உங்கள் உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை’ என்று ஒரு சாம்பல் பெட்டியைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. பாட்டு மொட்டையாக, குளியலறையில் துண்டு போட்டு மூடிய மாதிரி கேட்டது. பணம் கட்டியவன் முழித்துக்கொண்டு நிற்கிறேன். உடைத்த வெர்ஷன் வைத்திருக்கிற பக்கத்து ஊர்த் தம்பி எந்தக் கவலையும் இல்லாமல் பாட்டுப் போட்டுக்கொண்டிருப்பான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போதுதான் வளவு, அதாவது வீட்டின் நடுவில் தூண்கள் சூழ்ந்த முற்றமும் கூடமும், நினைவுக்கு வந்தது. பழைய ஸ்டுடியோக்களில் ரீவெர்ப் என்பது ஒரு காலி அறை. உள்ளே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். பாடியதை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, அறையின் எதிரொலியை மைக்கில் பிடித்துப் பாட்டோடு கலப்பார்கள். என்னிடம் அப்படி ஓர் அறையைச் சுவரெல்லாம் இழைத்து, தூணெல்லாம் நிறுத்தி, யாரோ ஒரு செட்டியார் எப்போதோ கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை வருடமும் அந்த எதிரொலியை மெத்தை போட்டு அமுக்குவதிலேயே இருந்துவிட்டேன்! ஸ்பீக்கரை வளவை ஒட்டிய பட்டாலைத் திண்ணையில் வைத்து, எதிர் மூலையில் இரண்டு மைக் நிறுத்தினேன். வளவு முற்றத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்கிற அக்கா வடகம் காயவைத்துவிட்டுக் காக்கா விரட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நாலு நிமிஷம் சத்தம் போடாம இருக்கணும்.”

“காக்கா வந்தா?”

“கையை மட்டும் ஆட்டுங்க.”

மூன்றாவது சரணத்தில் ஒரு புறா பாட்டில் இருக்கிறது. யாரும் கேட்டதில்லை. அந்த ரீவெர்பை இன்றும் பயன்படுத்துகிறேன். அதற்கு அப்டேட் வருவதில்லை.

பள்ளிக்கூடக் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2014இல் பக்கத்துக் கிராமத்து உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு பள்ளிப் பாட்டு போட்டுக் கொடுத்தேன். பன்னிரண்டு பிள்ளைகள் கோரஸ், ஒரு மாணவி தனிக்குரல். எட்டு வருடம் கழித்துத் தலைமையாசிரியர் போன் செய்தார்.

“சார், பள்ளி தரம் உயர்ந்துருச்சு. அதே பாட்டுல ‘உயர்நிலை’ங்கிற இடத்துல ‘மேல்நிலை’ன்னு மட்டும் மாத்திக் குடுத்திருங்க. ஒரு வார்த்தைதான். சனிக்கிழமை விழா.”

ஒரு வார்த்தை. பழைய புராஜெக்ட்டைத் திறந்தேன். திறந்தது. ஆனால் பிளக்-இன் பதினொன்று காணவில்லை. அவையெல்லாம் 32 பிட் காலத்தவை. இப்போதைய மென்பொருளுக்கு 64 பிட் வேண்டும். வயலின் கூட்டத்தையும் வீணையையும் கொடுத்த சாம்பிள் நூலகம் இருந்த வட்டு எப்போதோ செத்துவிட்டது. புராஜெக்ட்டில் இருந்தது வயலின் இல்லை, எந்த நேரத்தில் எந்த ஸ்வரம் என்கிற குறிப்பு மட்டும். வாசிக்க ஆள் இல்லாத நொட்டேஷன். பாடிய பிள்ளைக்குக் கல்யாணமாகி சிங்கப்பூரில் இருக்கிறதாம். வேறு வழியில்லாமல் முடிந்த பாட்டையே எடுத்து, ‘உயர்’ வருகிற இடத்தை மட்டும் வெட்டி, இப்போதைய பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வந்து ‘மேல்’ என்று பாட வைத்து ஒட்டினேன். சத்தமாக ஒரு சிங்கியும் போட்டு மூடினேன். விழாவில் அந்த இடம் வரும்போதெல்லாம் எல்லோரும் கை தட்டினார்களாம், சிங்கி அடிக்கிறதே என்று.

இதில் நிறுவனங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 2002இல் ஆப்பிள் எமாஜிக் நிறுவனத்தை வாங்கியபோது அதன் லாஜிக் என்கிற ஒலிப்பதிவு மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு நின்றுபோனது. 2017இல் கேக்வாக் என்கிற இன்னொரு ஒலிப்பதிவு மென்பொருளைக் கிப்சன் நிறுவனம் நிறுத்துவதாக அறிவித்தது. மறு வருடம் பேண்ட்லேப் நிறுவனம் வாங்கி உயிர் கொடுத்தது. எத்தனையோ பேர் அவற்றில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வியாபாரம் என்றால் கடை மூடத்தான் செய்வார்கள். நான் செய்த தப்பு, புராஜெக்ட் கோப்பைச் சேமித்தால் பாட்டைச் சேமித்த மாதிரி என்று நினைத்தது. இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து கடைசி வரை வெறும் வேவ் கோப்பாக எடுத்து வைக்கிறேன். 1991இல் வந்த வடிவம். இன்றும் எதில் போட்டாலும் திறக்கிறது. கூடவே ஒரு சாதா எழுத்துக் கோப்பில் சுருதி, வேகம், யார் பாடியது. பதிவான அசல் கோப்புகளையும் அழிப்பதே இல்லை. என் மனைவி வீட்டில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களைச் சேர்க்கிறதுக்கு நான் ஒன்றும் சொல்ல முடியாமல் போனது இதனால்தான்.

எங்கள் ஊருக்கு இந்த அவஸ்தை புதிதும் இல்லை. 1940களில் ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டிருந்தார். போர்க்காலக் கட்டுப்பாட்டில் சென்னையில் மின்சாரம் கிடைக்காமல் இங்கே வந்தார் என்பார்கள். மின்சாரத்துக்காகக் காரைக்குடிக்கு! 1948இல் சென்னைக்குத் திரும்பிப் போய்விட்டார். அந்தக் காலத்தில் சினிமாவுக்கு ஒலியைப் பிலிமில் ஒளிக்கோடாகத்தான் பதிவார்கள். பிலிமைக் கழுவி எடுத்தால்தான் என்ன பதிந்திருக்கிறது என்று தெரியும். பாடியவர் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பதிவு செய்தவர் லேபிலிருந்து வரும்வரை என்ன முகத்தோடு உட்கார்ந்திருந்திருப்பார் என்று அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

முகம் என்றதும் ஆச்சி ஞாபகம்.

எண்பத்து நான்கு வயது. பேத்தி அமெரிக்காவில் பிள்ளை பெற்றிருந்தாள். கொள்ளுப்பேரனுக்கு ஆச்சியின் தாலாட்டைப் பதிந்து அனுப்ப வேண்டும். ஆச்சி ஸ்டுடியோவுக்கு வரமாட்டார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தூருக்கு நான்தான் போனேன். நகரத்தார் தாலாட்டு கேட்டிருக்கிறீர்களா? ஓர் இனத்தின் சரித்திரமே அதில் இருக்கும். எந்தக் கோயில், அம்மான் என்னென்ன சீர் கொண்டுவந்தார், கப்பலேறிப் போனது யார் என்று நீண்டுகொண்டே போகும். தாளில் எழுதி வைத்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, காலை நீட்டி, மடியில் பிள்ளை இருக்கிற மாதிரியே ஆட்டிக்கொண்டு பாடினார். நடுவில் எதையோ நினைத்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த அடி.

லேப்டாப் நின்றது. வட்டம் சுற்றியது.

தோடி நடிப்பை மறுபடி எடுத்துவிட்டேன். தலையை ஆட்டினேன். ஆச்சி பாட்டை நிறுத்திவிட்டார்.

“என்ன தம்பி, மிசினு நின்னு போச்சா?”

“இல்லையே ஆச்சி…”

“ஒங்க மொகத்தப் பாத்தாத் தெரியுதே. இவ்வளவு நேரமும் பாட்டக் கேட்டிய. இப்பத் தலைய மட்டும் ஆட்டுறிய.”

பிடிபட்டுவிட்டேன். ஆனால் அன்று பயம் இல்லை. அதற்குள் ஒரு பழக்கம் வந்திருந்தது. கணினியோடு சம்பந்தமே இல்லாத ஒரு சின்னக் கையடக்க ரெக்கார்டர், உள்ளே இரண்டு பென்சில் பேட்டரி, எப்போதும் பக்கத்தில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அதில் எல்லாம் இருக்கிறது, விட்ட இடத்திலிருந்து பாடினால் போதும் என்றேன். ஆச்சி கேட்கவில்லை. முதலிலிருந்து பாடுவாராம். எனக்கு மனசு கேட்கவில்லை. முதல் தடவை பாடியதில் இருக்கிற உயிர் இரண்டாம் தடவை வராது, அதைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடும் என்பது என் கட்சி. ஆச்சியின் காரணம் வேறு: மூத்த அம்மான் பெயரை விட்டுவிட்டாராம். “அவுகளுக்குப் பொல்லாத கோவம் வரும்” என்றார். அம்மான் இறந்து நாற்பது வருடம்.

இரண்டாவது தடவை ஒரு பெயர் விடாமல், ஒரு பிசிறு இல்லாமல் பாடினார். சிரிக்கவில்லை. இரண்டையும் பேத்திக்கு அனுப்பினேன். பிள்ளை முதலாவதற்குத்தான் தூங்குகிறதாம். ஆச்சி கடைசிவரை இரண்டாவதைத்தான் ‘நாம் பாடுனது’ என்று வருகிறவர்களிடம் போட்டுக் காட்டினார். எது சரியான பதிவு என்று எனக்கு இன்னும் தெரியாது.

அன்றிலிருந்து நடிப்பதை விட்டுவிட்டேன். நின்றால் நின்றுவிட்டது என்று சொல்லிவிடுவேன், அல்லது ரெக்கார்டர் ஓடுகிற தைரியத்தில் உண்மையாகவே பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பேன். திரையையும் பாடுகிறவர் பார்க்காதபடி பக்கச் சுவருக்குத் திருப்பி வைத்துவிட்டேன். பதிவு இருக்கிற மாதத்தில் அப்டேட் கிடையாது. பதிவுக் கணினியில் இணையத்தை மாதம் ஒரு முறை, உரிமம் கேட்கிற அன்றைக்கு மட்டும், அதற்கு மருந்து கொடுக்கிற மாதிரி திறந்துவிடுவேன். தொல்லை தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். போன வாரம்கூட ஒரு நகைக்கடை விளம்பரத்தின் நடுவே படுத்துவிட்டது. நகைக்கடை விளம்பரத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

போன மாதம் அண்ணன் வந்திருந்தார், வேறொரு கோயில் வேலையாக. தலை முழுக்க நரைத்துவிட்டது. வேலை முடிந்து வளவில் உட்கார்ந்திருந்தபோது, இத்தனை வருடம் கழித்து, தோடிக் கதையைச் சொன்னேன். திரை நின்றது, நான் கண்ணை மூடி நடித்தது, டீ குடிக்க அனுப்பியது, 44 பைட், எல்லாம்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏந்தம்பி, நீ கண்ணை மூடுனது அதுக்கா? நான் என்னமோ இந்தப் பய தோடியில சொக்கிப் போயிட்டான்னுல்ல நெனச்சேன். நல்லவேளை பாக்கலன்னு சாமிக்கு நன்றி சொன்னேன்.”

“எதைப் பாக்கலைண்ணே?”

“அன்னைக்குச் சீவாளி ஓரத்துல பிளந்துருச்சு தம்பி. மேல போனாப் பீச்சிரும். அதனாலதான் அம்புட்டு நேரம் கீழயே நின்னு சமாளிச்சேன். அப்பறம் தவிலுக்குக் கண்ணக் காட்டிட்டு, அவரு வாசிக்கிற நேரத்துல சீவாளிய மாத்திக்கிட்டேன். நீ கண்ணத் தொறந்து பாத்துட்டு நிப்பாட்டச் சொல்லிருவியோன்னு இருந்துச்சு எனக்கு.”

சீவாளி என்பது நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற நாணல் துண்டு. நாதஸ்வரத்தின் மேல் பகுதியில் நூலில் கோத்து மாற்றுச் சீவாளிகள் தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நானும் எத்தனையோ தடவை அதில் மைக் படாமல் தள்ளி வைத்திருக்கிறேன்.

அவர் போனதும் பழைய வட்டை எடுத்து மாட்டினேன். மிக்ஸ் செய்த கோப்பு இல்லை, அசல். தவில் தனியாக வாசிக்கிற இடத்துக்குப் போய், தவில் டிராக்குகளை அணைத்துவிட்டு, நாதஸ்வர மைக்கை மட்டும் கேட்டேன். தவிலின் கசிவுக்கு அடியில் ஒரு மூச்சு. துணி உரசுகிற சத்தம். அப்புறம் ‘டிக்’. கணினி திணறிய சொடக்கு என்று நான் அன்று இரவு தேடிப் பிடித்து அழித்ததில் ஒன்று. ஒலியைக் கூட்டி இன்னொரு தடவை ஓடவிட்டேன். டிக், உடனே உதட்டில் ஈரம் படுகிற சத்தம், நூலில் தொங்குகிறவை ஒன்றோடொன்று லேசாக மோதிக்கொள்கிற சத்தம், பிறகு புதுச் சீவாளியில் முதல் ஊதல், மேல் ஷட்ஜம்.